செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: நம் செய்தியோடையும் பாட்காஸ்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கூட்டத்துக்கு வந்திருக்கும் தண்டையார்பேட்டை குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். குடிநீர், தெருவிளக்கு, கொசு மருந்து தொடர்பாகக் கொடுத்த மனுக்களின் நகல்கள் மேசைமேல் இருக்கின்றன. நான் இந்த ஆண்டு நாம் புதிதாகத் தொடங்கிய செய்தியோடையையும், பாட்காஸ்ட் என்னும் ஒலிப்பதிவுத் தொடரையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போன கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, "கண் முகாம் நடந்ததே, எனக்கு ஏன் யாரும் சொல்லல?" என்று கேட்டார். வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தோம். காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் அடியில் அந்தத் தகவல் போய்விட்டது. அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதும் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அப்படித்தான் இந்தச் செய்தியோடையையும் பாட்காஸ்டையும் தொடங்கினோம்.

செய்தியோடை என்பது ஒரு சின்னக் கோப்புதான். புதுத் தகவல் வந்தால் தலைப்பு, தேதி, இணைப்போடு அதில் சேர்க்கிறோம். உங்கள் போனில் இருக்கும் செயலி அவ்வப்போது வந்து பார்த்து, புதியதை எடுத்துக்கொள்ளும். போன் நம்பர் கொடுக்க வேண்டாம், நடுவில் விளம்பரம் நுழையாது, எது முதலில் வர வேண்டும் என்று யாரும் முடிவு செய்வதில்லை. 1999இல் நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி நிறுவனம் தொடங்கிவைத்த, ஆர்எஸ்எஸ் (RSS) எனப்படும் இணைய முறை இது. அடுத்த ஆண்டே டேவ் வைனர் என்ற அமெரிக்க மென்பொருளாளர் அதில் ஒலிக்கோப்பின் முகவரியையும் சேர்க்க வழி செய்தார். பாட்காஸ்ட் பிறந்தது அதிலிருந்துதான். ஓடைகளைப் படிக்கப் பலர் பயன்படுத்திய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டபோதுகூட ஓடைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மக்கள் தங்கள் சந்தா பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போனார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

ஞாயிறுதோறும் பத்து நிமிடம் பதிவு செய்கிறோம். பேச்சுக்கு மோனோவில், அதாவது ஒற்றை ஒலித்தடத்தில், நொடிக்கு 64 கிலோபிட் போதும், பத்து நிமிடம் 5 எம்பிக்குள் அடங்கிவிடும். முதல் பதிவில் எங்கள் குரலைவிடத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரி சத்தம்தான் அதிகம். பிறகு ஜன்னலைச் சாத்தி, கம்பளியைத் தொங்கவிட்டுப் பேசினோம். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, காசிமேட்டில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் மைக்கைக் கொடுத்தோம். அவர் பேசியதைக் கேட்டுவிட்டு, இதுவரை நம் கூட்டங்களுக்கே வராத வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். காது கேளாதவர்களுக்காக ஒவ்வொரு பகுதியையும் எழுத்தாகவும் போடுகிறோம். இந்த வேலையைப் பாதியில் விடக்கூடாது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அன்று காலையிலேயே பதிவு போட்டோம், பலருக்கு அது சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தது. செயலி சில மணி நேரத்துக்கு ஒரு முறைதான் பார்க்கும். அதனால் அவசரச் செய்தி ஆட்டோ மைக்கிலும் தொலைபேசியிலும்தான் போக வேண்டும். முகாம் தேதி, மனு எழுதும் முறை, ரேஷன் கார்டு திருத்தம் மாதிரி திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியவைதான் ஓடைக்குப் பொருத்தம்.

இன்னொரு அனுபவம். முதலில் ஓடையை இணையத்தில் ஓர் இலவசச் சேவையில் வைத்திருந்தோம். அவர்கள் திடீரென்று மூடிவிட்டார்கள். பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட வழி கிடைக்கவில்லை, வீடு வீடாகப் போய் மறுபடி சேர்த்தோம். ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள அடையாள எண்ணை மாற்றாமல் வைக்க வேண்டும் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. பழைய பதிவுகள் எல்லாம் புதியவைபோல இறங்கி, பலருடைய டேட்டா தீர்ந்துபோனது. அவர்களிடம் இந்தக் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது முகவரி சங்கத்தின் பெயரிலேயே இருக்கிறது. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் செலவுக்குக் கூட்டம் ஒப்புதல் தர வேண்டும்.

சேர விரும்பும் பெரியவர்களின் போனில் பாட்காஸ்ட் கேட்க உதவும் ஆன்டெனாபாட் செயலியை இறக்கித் தரக் கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அது இலவசம். கண் முகாமைத் தவறவிட்ட அம்மாவின் போனில்தான் முதலில் போட்டோம், அடுத்த முகாமுக்கு அவரே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பதிவுக்கு வாரம் ஒருவர் வீதம் குரல் தேவை. பெயர் கொடுப்பவர்கள் என்னிடம் கொடுக்கலாம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

செயலாளர்