ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் சில மனிதர்களுக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளுக்கு எல்.இ.டி. பெயர்ப்பலகை செய்து கொடுப்பவன் நான். பஸ் பேட்டரி 24 வோல்ட்; பலகைக்கு வேண்டியது 5 வோல்ட், 3 ஆம்பியர். நடுவில் நின்று 24-ஐ 5 ஆக இறக்கும் உள்ளங்கை அகல ரெகுலேட்டர் போர்டு போன கோடை முழுக்க என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. உதவியவர்களிடம் நேரில் போய் நன்றி சொன்னால், தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் ஊரறிய இந்த மடல்.

முதலில் பட்டறைக் காவலர் தாத்தா. அவருடைய ரேடியோவில் காலை முதல் திருச்சி வானொலிதான், 936 கிலோஹெர்ட்ஸ். நான் பலகையை எரியவிட்டால் செய்தி மறைந்து ஒரே இரைச்சல். "தம்பி, உன் பெட்டிக்கும் என் பெட்டிக்கும் ஆகவில்லை" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அப்போது சூடுதான் கவலை. முன்கண்ணாடிக்கு மேலே, மூடிய தகரப் பெட்டிக்குள், போர்டில் உள்ள டையோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) 104 டிகிரி காட்டியது. சூடு பரவி ஆறட்டும் என்று அதன் கேதோடு பக்கம், அதாவது மின்னோட்டம் வெளியேறும் முனையில், போர்டின் தாமிரத்தை விரித்துப் பார்த்தேன். சூடு சற்றுத் தணிந்தது. தாத்தாவின் ரேடியோ முன்னிலும் மோசமாக அலறியது.

இரண்டும் ஒரே நோய் என்று காட்டியவர் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஐயா. போர்டில் மின்னழுத்தத்தை இறக்கும் சில்லு எல்.எம். 2596 ஐ.சி. அது மின்னோட்டத்தை நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் முறை திறந்து மூடும், ஐ.சி.க்கு ஐ.சி. கொஞ்சம் மாறும். என்னுடையதை அளந்தால் 156 கிலோஹெர்ட்ஸ். "ஆறால் பெருக்கு" என்றார். பெருக்கினேன்: 936. இப்படித் திறந்து மூடும் இரைச்சல் அதன் மடங்குகளிலும் கிளம்பும்; ஆறாவது மடங்கில் தாத்தாவின் வானொலி. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

24-ஐ 5 ஆக்கும்போது ஐ.சி. ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் திறந்திருக்கும். மீதி நேரமெல்லாம் மின்னோட்டம் டையோடு வழியே ஓடுகிறது. அது சுடாமல் என்ன செய்யும்? அதன் கேதோடுதான் 24 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் (பூஜ்ய வோல்ட்) இடையே துள்ளுகிற முனை. அங்கே தாமிரத்தை விரித்தால்? "அடுப்பை ஆற்றுகிறேன் என்று ஏரியல் கட்டியிருக்கிறாய்" என்றார் ஐயா.

அவர் சொன்னபடி அந்த முனையைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினேன். ஐ.சி.யின் முதுகுத் தகடும் டையோடின் மறுமுனையான ஆனோடும் கிரவுண்டில் இருப்பவை. அந்தப் பக்கம் தாமிரத்தைத் தாராளமாகப் பரப்பி, நிறையத் துளைகள் போட்டுச் சூட்டை அடிப்பக்கம் இறக்கினேன். டையோடை, குறைவாகச் சுடும் ஷாட்கி வகையில் 5 ஆம்பியர் தாங்குவதாக மாற்றினேன். உள்ளே வரும் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்க நான்கு சென்டிமீட்டர் தள்ளி நின்ற உள்ளீட்டுக் கபாசிட்டர் போதாதென்று, ஒரு செராமிக் கபாசிட்டர் ஐ.சி.யின் காலடிக்கே வந்தது.

கல்லூரி ஆய்வகத்தில், மின்னலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பைத் திறந்துவிட்ட அக்காவுக்கு நான் பட்ட கடன் தனி. திரையில் 200 மில்லிவோல்ட் முட்களைப் பார்த்து நான் தலையில் கைவைத்திருந்தபோது, அவர் புரோபின் (அளக்கும் முனையின்) முதலைவாய்க் கவ்வியைக் கழற்றி எறிந்தார். நுனிக்கருகே ஒரு சிறு கம்பியைச் சுற்றி, அதையே கபாசிட்டரின் கிரவுண்டில் தொட்டார். 60 ஆகிவிட்டது. பாதிக்கு மேல் அந்த நீளக் கவ்விக் கம்பி பிடித்த இரைச்சல்தான்! போர்டைக் குறை சொல்லும் முன் அளக்கும் கம்பியைப் பார்க்க வேண்டும் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லவில்லை.

ஐந்தே ஐந்து போர்டுக்காக முகம் சுளிக்காத கோவை அச்சுப்பலகைக்காரர், வரைபடத்தைப் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு அழைத்தார்: "சார், ஃபீட்பேக் கோடு காயிலுக்கு அடியில் போகிறதே, தெரிந்துதான் போட்டீர்களா?" தெரியாமல்தான். வெளிவரும் 5 வோல்ட்டை ஐ.சி.க்குத் திருப்பிச் சொல்லும் கோடு அது; காயிலின் இரைச்சல் அதில் ஏறிவிடும். காசு வாங்கிக்கொண்டு பேசாமல் அச்சடித்திருக்கலாம் அவர். மே மாத வெயிலில் ஏணியில் நின்று மணிக்கொரு தரம் சூடு பார்த்துச் சொன்ன பட்டறை எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும் நன்றி. கடைசியாக அவர் சொன்ன எண் 71.

தாத்தா இப்போது ரேடியோவைப் பலகைப் பெட்டியின் மேலேயே வைத்துச் செய்தி கேட்கிறார். இன்னும் கொஞ்சம் இரைகிறது என்கிறேன் நான். இல்லவே இல்லை என்கிறார் அவர்.

நன்றியுடன்,
பெயர்ப்பலகைக்காரன், கரூர்