ஸ்பேனர் வண்டியும் கடன் நோட்டும்

திருச்செங்கோடு,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தியைப் பார்த்துவிட்டு நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்ததில் சந்தோஷம். உன் தங்கச்சிக்கு முட்டிவலி தேவலை. மழைக்கு முன்னால் ஓடு மாற்றச் சொன்னாள், நான் மாற்றவில்லை, அது தனிக்கதை.

அமெரிக்காவில் பட்டறை பட்டறையாகப் போய் டூல்ஸ் விற்கும் ஸ்னாப்-ஆன் கம்பெனி வண்டியைப் பார்த்ததிலிருந்து உனக்கு ஆசை பிடித்துவிட்டது போல. “நீ செய்வதும் அதுதானே, ரிட்டயர் ஆனதும் பொள்ளாச்சி லைனை நான் எடுத்துக்கொள்ளட்டுமா” என்று கேட்டிருக்கிறாய். அது பாதிதான் சரி.

அந்தக் கம்பெனி 1920-இல் ஆரம்பித்தது. நட்டின் தலையில் மாட்டித் திருகும் சாக்கெட் 10, கைப்பிடி 5, எதையும் எதிலும் மாட்டலாம், ஐந்தே ஐம்பதின் வேலையைச் செய்யும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அங்கே மெக்கானிக் தன் டூல்ஸைத் தன் காசில் வாங்குகிறான், வேலை மாறினால் பெட்டியோடு கிளம்பிவிடுகிறான். வண்டிக்காரர் ஒரு பட்டறை வாசலில் நிறுத்தினால் பத்துப் பேருக்குப் பத்துக் கணக்கு. நம் பக்கம் முதலாளிதான் வாங்கிப் போடுகிறார், பையன்கள் தொலைக்கிறார்கள். பட்டறைக்கு ஒரே கணக்கு, அதுவும் முதலாளி மனசு வைத்தால்தான்.

என் ஏற்பாடு இதுதான். கோயம்புத்தூரில் ஒரு மொத்த வியாபாரி. டாடா ஏஸ் என்னுடையது, பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயர் அவருடையது. சரக்கு முழுக்க என் பணம். இந்த லைனில் வேறு ஆளை விடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், அந்த மட்டில் நல்ல மனிதர். ஆனால் முதல் லோடில் என் தலையில் கட்டிய இரண்டு டார்க் ரெஞ்ச், அதாவது முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனர், இன்னும் அட்டைப்பெட்டியில் தூங்குகின்றன. லாரிப் பட்டறையில் போய் நட்டை இத்தனை நியூட்டன் மீட்டருக்கு முறுக்கு என்று சொன்னால் சிரிக்கிறான். அவனுக்குக் கைதான் மீட்டர்.

ஓடுகிற சரக்கு ரிங் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், கிரைண்டர் வீல், பேரிங் புல்லர். திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் மத்தியப் பிரதேசம் வரைக்கும் போர் போடப் போய்விட்டால் பட்டறைகள் காலியாகக் கிடக்கும். மழைக்கு ஊர் திரும்பினால்தான் ரிப்பேர், அப்போதுதான் எனக்கும் யாவாரம். நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகள் வருஷம் முழுக்கக் கஞ்சி ஊற்றுகின்றன. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் மட்டும் கேட்காமலே வாங்குவார்கள். பழைய ஸ்பேனரை எல்லாம் டீசலில் கழுவி சந்தனம் வைக்கும்போது நடுவில் புதுசு ஒன்று மின்ன வேண்டுமாம்.

போன வாரம் ஒரு பையன் உடைந்த சாக்கெட்டைத் துணியில் மடித்துக்கொண்டு வந்தான். பளபளவென்று குரோம் பூசியது. அதைக் காற்றழுத்தத்தில் நட்டு திருகும் கன்னில் மாட்டி வீல் நட்டுக்கு அடித்திருக்கிறான். கன்னுக்கு அடி தாங்கும் கறுப்பு சாக்கெட்தான் போட வேண்டும், இது தெறித்துக் கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விரிசல் வாயிலிருந்து அடிவரைக்கும் நேர்க்கோடாக ஓடியிருந்தது. “கேரண்டி இருக்குதுங்களே” என்றான். கம்பெனி இதற்குக் கொடுக்காது. முதலாளி சம்பளத்தில் பிடித்துவிடுவார் என்று அவன் முகமே சொன்னது. என் கையிலிருந்து ஒரு கறுப்பு சாக்கெட் கொடுத்தேன். தர்மம் இல்லை மாப்பிள்ளை, அந்த ஒரு சாக்கெட்டுக்காக அடுத்த நாளே முதலாளி ஒரு கிரைண்டர் எடுத்தார். கடனுக்குத்தான்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. நான் விற்பது ஸ்பேனர் என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். டிப்போவில் 31 வருஷம் பிடித்த ஸ்பேனர், நமக்குத் தெரியாததா என்ற திமிர். உண்மையில் நான் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறேன், அடையாளத்துக்கு ஒரு ஸ்பேனரும் சேர்த்துக் கொடுக்கிறேன். வண்டியில் இருக்கும் சரக்கைவிட நோட்டில் இருக்கும் பாக்கி அதிகம். வெள்ளிக்கிழமை கேட்டால் லட்சுமியை வெளியே விடமாட்டார்கள். விளக்கு வைத்த பிறகு எந்தக் கிழமையும் ஆகாது. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, பையன்களுக்குச் சம்பளம் போடப் பணம் எடுத்து வைத்திருக்கும் நேரம் பார்த்துப் போய் நிற்க வேண்டும். அரை மணி பிந்தினால் அடுத்த சனிக்கிழமைதான். சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும், டீ கொடுத்தால் குடிக்க வேண்டும், பணம் வராமல் கிளம்பக் கூடாது.

உன் விஷயத்தில் எனக்குப் பயமே இதுதான். ஐ.டி.ஐ. படிக்கும்போது சைக்கிளை இரவல் வாங்கிப் போனவனிடம் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு மூன்று மாதம் நடந்தே வந்தவன் நீ. வெயில், டீசல், இடுப்புவலி எல்லாம் தாங்கிவிடுவாய்.

அதனால் பி.எஃப். பணத்தில் இப்போது கை வைக்காதே. வியாழக்கிழமை பஸ் ஏறி இங்கே வா, மூன்று நாள் என்னோடு வண்டியில் சுற்று. சங்ககிரி பைபாஸில் ஒரு பட்டறையில் 3,200 ரூபாய் நாலு மாதமாக நிற்கிறது. ஆள் நல்லவர்தான், பேச்சிலேயே ஆளை அனுப்பிவிடுவார். சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் வண்டியிலேயே உட்கார்ந்துகொள்கிறேன், உள்ளே போய் நீதான் கேட்கப் போகிறாய்.

உன் மச்சான்