பன்னிரண்டாம் இதழ் இரண்டு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அறிவியல் புனைகதைக் காமிக்ஸ் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ‘ஜட்ஜ்மென்ட் டே’ கதையை முதல்முறை வெளியிடும்போதே தணிக்கையாளர்கள் மறித்ததாகச் சொல்கிறது. அது சரியல்ல. கதை முதலில் வந்தது 1953 மார்ச்–ஏப்ரலில், ‘வியர்டு ஃபேண்டஸி’ 18ஆம் இதழில். காமிக்ஸ் இதழ்களை முன்கூட்டியே பார்த்து அனுமதித்த ‘காமிக்ஸ் கோடு’ என்ற தணிக்கை அமைப்பு உருவானதே 1954இல்தான்.

இந்த இதழ்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழுக்கி விழுகிற இடம் பெரும்பாலும் இதழ் எண்தான். 1950இல் இவற்றை வெளியிட்ட வில்லியம் கெய்ன்ஸின் ஈசி நிறுவனம் இரண்டு காதல் கதை இதழ்களை நிறுத்திவிட்டு, அவற்றின் எண் வரிசையிலேயே அறிவியல் இதழ்களைத் தொடங்கியது. புதிய இதழ் என்றால் பத்திரிகைகளுக்கான இரண்டாம் வகுப்பு அஞ்சல் அனுமதிக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும். அதனால் ‘வியர்டு சயின்ஸ்’ 12 என்றும், ‘வியர்டு ஃபேண்டஸி’ 13 என்றும் பிறந்தன. அஞ்சல் துறை இதை ஏற்கவில்லை. எனவே முன்னதில் 15க்குப் பிறகு 5, பின்னதில் 17க்குப் பிறகு 6 என்று உண்மையான கணக்குக்கு வந்தார்கள். விளைவு: ‘வியர்டு சயின்ஸ்’ 12 என்றால் 1950 மே–ஜூன் இதழும் உண்டு, 1952 மார்ச்–ஏப்ரல் இதழும் உண்டு. அட்டையில் உள்ள எண்ணை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் மாதத்தையும் ஆண்டையும் பார்த்தே குறிக்க வேண்டும். 1992இல் தொடங்கிய மறுபதிப்பு வரிசையோ 1இலிருந்து எண்ணப்பட்டது. 1950இன் 12 அங்கே 1.

‘வியர்டு சயின்ஸ்’, ‘வியர்டு ஃபேண்டஸி’ இரண்டும் தலா 22 இதழ்கள் வந்தன. 1954இல் ஒன்றாக இணைந்து ‘வியர்டு சயின்ஸ்-ஃபேண்டஸி’ என 23 முதல் 29 வரை ஓடின. பிறகு ‘இன்க்ரெடிபிள் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ என்ற பெயரில் நான்கே இதழ்கள்.

கட்டுரையாளர் சொல்லும் மோதல் அந்த நான்காவதில், 1956 ஜனவரி–பிப்ரவரி தேதியிட்ட 33ஆம் இதழில் நடந்தது. கோடு அமைப்பு வேறொரு கதையை நிராகரித்ததால் அந்த இடத்தை நிரப்ப ‘ஜட்ஜ்மென்ட் டே’ மறுபதிப்பாக வந்தது. ஆல் ஃபெல்ட்ஸ்டீன் எழுத, ஜோ ஓர்லாண்டோ வரைந்த கதை. ஆரஞ்சு ரோபோக்கள் நீல ரோபோக்களை ஒதுக்கிவைத்திருக்கும் கிரகத்தைப் பார்வையிட்டு, விண்மீன் கூட்டமைப்பில் சேர அதற்கு இன்னும் தகுதி இல்லை என்கிறார் பூமியிலிருந்து வந்தவர். கதையின் கடைசிப் படக்கட்டத்தில் தலைக்கவசம் இல்லாத அவர் முகம்: கறுப்பினத்தவர். கருத்த தோலில் வியர்வைத் துளிகள் நட்சத்திரங்களாக மினுங்குகின்றன. அவர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார் அமைப்பின் தலைவர் சார்லஸ் மர்ஃபி. கதையே அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் என்று கெய்ன்ஸும் ஃபெல்ட்ஸ்டீனும் மறுத்தார்கள். அந்த வியர்வையையாவது எடுங்கள் என்றார் மர்ஃபி. அதற்கும் கெய்ன்ஸ் மசியவில்லை. சிறு மாற்றமும் இல்லாமல் கதை அச்சேறியது. ஈசியின் கடைசிக் காமிக்ஸ் இதழும் அதுவே.

ஆகவே முதல் வெளியீடு 1953, 18ஆம் இதழ்; மறுபதிப்பு 1956, 33ஆம் இதழ் என இரண்டையும் பிரித்துக் காட்டித் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்