நாஸ் பெட்டியும் தமிழ்க் கோப்புப் பெயர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகங்களிலும் நூலகங்களிலும் எல்லோருக்கும் பொதுவான சேமிப்பகமாக ஒரு நாஸ் பெட்டி (வலையமைப்பில் இணைத்த, வட்டுகள் கொண்ட சிறு கணினி) வைப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்தால் தகராறு வரும், ஆங்கிலத்திலேயே வையுங்கள் என்று அதை நிறுவ வருபவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தகராறு வருவது உண்மைதான். ஆனால் அது எங்கே, ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் தமிழைக் கைவிட வேண்டிய அவசியம் இல்லை.

பெரிய சிக்கல் நீளம். விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் ஒரு கோப்புப் பெயருக்கு 255 குறியீடுகள் (எழுத்தும் அதனோடு சேரும் புள்ளி, கொம்பு போன்ற குறியும் தனித்தனிக் குறியீடு) வரை இடம் தரும். நாஸ் பெட்டிக்குள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். அங்குள்ள கோப்பு முறைகளான எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் ஆகியவையும் 255 தான், ஆனால் 255 பைட். அங்கே பெயர்களைப் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். 'க' என்றால் 3. 'க்', 'கி', 'கை' என்றால் குறியையும் சேர்த்து 6. ஆகவே விண்டோஸில் ஒழுங்காக இருந்த கோப்பு, நாஸுக்கு நகலெடுக்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று நின்றுவிடுகிறது. நிற்பதாவது நல்லது. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற கருவி அந்தக் கோப்பை விட்டுவிட்டு மற்றவற்றை அனுப்பி முடித்து, 23 என்ற பிழை எண்ணோடு வெளியேறும். இரவு நேர பேக்கப்பில் அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை.

சினாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டியில் பகிர்வு ஃபோல்டரை என்கிரிப்ட் செய்தால் (சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டினால்) வரம்பு இன்னும் சுருங்கும். அங்கே பெயரும் பூட்டப்படுவதால் அது நீண்டு, 255 பைட்டுக்குள் அடங்க மூலப் பெயர் 143 பைட்டைத் தாண்டக் கூடாது. நிறுவனம் தரும் விளக்கத்தில் ஆங்கிலமானால் 143 எழுத்து, சீன, ஜப்பானிய, கொரிய எழுத்தானால் 47 என்று இருக்கும். தமிழைப் பற்றிப் பேச்சில்லை. நமக்கும் 47 எழுத்து என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். 'உறுப்பினர் கூட்டத் தீர்மானங்கள் 2024 மார்ச் இறுதி வடிவம்' என்ற பெயரில் தமிழ் எழுத்துகள் 27 தான். அவையே 138 பைட். இடைவெளி 6, ஆண்டு 4, பிடிஎஃப் என்ற வாலுக்குப் புள்ளியோடு 4, மொத்தம் 152. உள்ளே போகாது.

மனக்கணக்கு எளிது: ஒரு தமிழ் எழுத்துக்குச் சராசரி 5 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஃபோல்டரில் 50 எழுத்துக்குள்ளும், என்கிரிப்ட் செய்த ஃபோல்டரில் 25 எழுத்துக்குள்ளும் நிறுத்தினால் தொல்லை இல்லை. பெயரைச் சுருக்கவே முடியாதென்றால், சினாலஜியின் இயங்குதளமான டிஎஸ்எம் 7.2 முதல், ஃபோல்டர்கள் இருக்கும் முழு வால்யூமையும் என்கிரிப்ட் செய்யும் வசதி இருக்கிறது. அதில் இந்த 143 வரம்பு கிடையாது. ஆனால் வால்யூமை உருவாக்கும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பின்னால் சேர்க்க முடியாது. மீட்புச் சாவிக் கோப்பை அதே பெட்டியில் வைக்காதீர்கள்.

ஃபோல்டர் பெயர்களையும் சேர்த்த முழுப் பாதைக்கு விண்டோஸ் வைத்திருக்கும் 260 குறியீட்டு வரம்பு தனிக் கதை. ஆழத்தில் இருக்கும் ஃபோல்டரை டிரைவ் எழுத்தாக மேப் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 'கி.மு.' என்பதுபோலப் புள்ளியில் முடியும் பெயரை நாஸின் வலைப்பக்கத்தில் உருவாக்கினால், விண்டோஸ் கணினிகளில் அது அலைக்குறியோடு கூடிய ஏதோ ஒரு குறும்பெயராகத் தெரியும். கடைசிப் புள்ளியை எடுத்துவிடுங்கள், போதும்.

அடுத்தது ஒரே பெயரில் இரண்டு கோப்பு தெரியும் விந்தை. 'கொள்முதல்' என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பிரித்தே வைக்கும். அங்கிருந்து ஆர்சிங்க் வழியாகவோ சுருக்கிய சிப் கோப்பாகவோ வரும் பெயர்கள் பிரிந்தபடியே நாஸில் குடியேறும். தேடினால் கிடைக்காது. அனுப்பும்போதே ஆர்சிங்கின் எழுத்துமுறை மாற்றும் ஐகான்வ் விருப்பத்தில் 'யூடிஎஃப்-8-மேக்' என்பதிலிருந்து யூடிஎஃப்-8க்கு மாற்றச் சொல்லலாம். ஏற்கெனவே வந்துவிட்டவற்றுக்குக் கான்வ்எம்வி என்ற லினக்ஸ் கருவி இருக்கிறது. முதலில் ஸ்னாப்ஷாட் (இப்போதைய நிலையின் பதிவு) எடுங்கள். இரட்டையாகத் தெரிபவற்றைத் திறந்து ஒப்பிட்டு, வேண்டாததை ஒதுக்குங்கள். பிறகு கான்வ்எம்வியை, பிரிந்த குறிகளைச் சேர்க்கும் என்எஃப்சி விருப்பத்தோடு ஓட்டுங்கள். 'நோடெஸ்ட்' கொடுக்காதவரை அது எதையும் மாற்றாது, பட்டியல் மட்டும் காட்டும். பெயர் மாறியவை அடுத்த பேக்கப்பில் புதுக் கோப்புகளாக மறுபடி போகும் என்பதால் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிரூநாஸ் என்ற நாஸ் மென்பொருள் வைத்திருப்போர், அதன் இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் டேட்டாசெட்டை (சேமிப்புப் பிரிவை) உருவாக்கும்போதே, இரு வடிவத்தையும் ஒன்றாகக் கருதும் நார்மலைசேஷன் பண்பை அமைத்துவிட்டால் இந்த வேலையே இல்லை. பின்னால் அதை மாற்ற வழியில்லை.

இந்தக் கருவிகளுக்கும் பிடிபடாதவை இரண்டு. ஔகாரக் குறிக்குப் பதில் 'ள' தட்டிய 'கெளரவம்' ஒன்று. மற்றொன்று 'ஸ்ரீ'. 2005இல் யூனிகோட் 4.1 'ஶ' என்ற எழுத்தைச் சேர்த்த பிறகு, 'ஸ'வில் தொடங்குவது, 'ஶ'வில் தொடங்குவது என இதற்கும் இரண்டு வடிவம். பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. கோயில் பெயர்களும் ஆட்பெயர்களும் நிறைந்த சேமிப்பகத்தில் இரண்டு வடிவத்தையும் தட்டித் தேடித்தான் ஆக வேண்டும். புதிதாகத் தொடங்குவோர் எல்லாக் கணினியிலும் ஒரே விசைப்பலகையை நிறுவிவிடுவது நல்லது.

இப்படிக்கு,
கணினி வலையமைப்புப் பராமரிப்பாளர்,
திருச்சிராப்பள்ளி