கமோ ஆற்றங்கரையிலிருந்து அம்மாவுக்கு

கியோட்டோ,
ஆகஸ்ட் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

இறைவன் அருளால் நான் இங்கு நலமாக இருக்கிறேன். நான் வந்த இந்த ஐந்து மாதங்களில் எத்தனை மாணவர்களைக் கோயிலுக்கு அழைத்து வந்தேன் என்று பங்குச் சாமி விசாரித்ததாக எழுதியிருந்தீர்கள். ஒருவரையும் இல்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் கீழே எழுதியிருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான் இங்கே ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிடுவார்.

இங்கே பல்கலைக்கழகங்களில் புது ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அந்தச் சமயத்தில் எங்கள் மறைபரப்புக் குழு, "ஆங்கில உரையாடல் மாலை, இந்தியக் கறிச்சோறு" என்று மட்டும் துண்டுப்பிரசுரம் அடித்து மாணவர்களை அழைத்தது. பதினான்கு பேர் வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் எங்களில் ஒருவர் விவிலியத்தை விரித்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை. புன்னகை மாறாமல் கேட்டு, தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டு, தெருவைப் பார்க்கத் திருப்பி வரிசையாக வைத்திருந்த காலணிகளை மாட்டிக்கொண்டு போனார்கள். கூட்டம் நன்றாக நடந்தது என்றே நாங்கள் எண்ணினோம். மறுவாரம் வந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் "வர முடிந்தால் வருகிறேன்" என்று லைன் செயலியில் பதில் அனுப்பியிருந்தார்கள். வரமாட்டேன் என்பதைத்தான் இந்த ஊரில் அப்படி மரியாதையாகச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வந்த இருவரில் ஒருத்தி வேளாண்மை படிக்கிறவள். மற்றவர்கள் வராததன் காரணத்தை அவளே ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழு நச்சு வாயுவைப் பரப்பி மக்களைக் கொன்றது; அந்தக் குழுவில் நன்கு படித்த இளைஞர்கள் பலர் இருந்தார்கள். 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டவனும், தன் தாய் ஒரு மத அமைப்புக்கு அள்ளிக்கொடுத்ததால் குடும்பம் சீரழிந்தது என்றே சொன்னான். அதனால், விளையாட்டு, தொண்டு, மொழிப் பயிற்சி என்று பெயர் சொல்லி மதத்தை மறைத்து வருகிற குழுக்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று புதிய மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்களே சொல்லி வைக்கின்றன. அவளுக்குக் கொடுத்த எச்சரிக்கைத் தாளைக் கைப்பேசியில் காட்டினாள். எங்கள் துண்டுப்பிரசுரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போல இருந்தது, அம்மா. எனக்கு வெட்கமாகிவிட்டது.

இப்போது நாங்கள் யார் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறோம். வருகிறவர்கள் ஐந்தாறு பேர்தான். ஆனால் வருகிறவர்கள் திரும்பவும் வருகிறார்கள், எங்களையும் தங்கள் அறைகளுக்கு அழைக்கிறார்கள். சென்ற மாதம் அப்படிப் போன இடத்தில் தக்கோயாக்கி சுட்டார்கள். நம் பணியாரச் சட்டியேதான், மின்சாரத்தில் ஓடுகிறது; மாவை ஊற்றி, பேய்க்கணவாய்த் துண்டு ஒன்றைப் போட்டு, குச்சியால் புரட்டிப் புரட்டி உருண்டையாக்க வேண்டும். எனக்குச் சரியாகத் திரும்பியதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குரிய புகழ் உங்களைச் சேரும். செலவை மட்டும் கடைசி யென் வரை கணக்குப் பார்த்துப் பங்கிட்டார்கள்; விருந்தாளியாயிற்றே என்று என்னை விட்டுவிடவில்லை, அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

இனி முக்கியமான சேதி. முன்னோர் ஆவிகள் வீட்டுக்கு வந்து போகும் ஓபோன் நாள்கள் இங்கே இம்மாதம் வந்தன. 16ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு, அவர்களை வழியனுப்ப ஊரைச் சுற்றியுள்ள ஐந்து மலைகளில் தீ மூட்டுகிறார்கள். கமோ ஆற்றின் நடுவே தாண்டிப்போக ஆமை வடிவில் கற்கள் போட்டிருக்கும் இடத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எதிர்மலையில் 'பெரியது' என்று பொருள்படும் ஜப்பானிய எழுத்து நெருப்பாய் எழுந்தது. தனக்கு மதம் எதுவும் இல்லை என்று எப்போதும் சொல்லும் அந்தப் பெண் கைகூப்பி நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கள் கணக்குப்படி, கிறிஸ்துவைக் கேள்விப்படாமலே இறந்த என் பாட்டி எங்கே இருக்கிறார்?" என்று கேட்டாள்.

நம் கடற்கரையில் பணி செய்துவிட்டு 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் வந்து இறங்கிய சவேரியாரை, இதே கேள்விதான் வாட்டியது. திருமுழுக்குப் பெறாமல் இறந்த பெற்றோரை நினைத்து ஜப்பானியர் அழுததைக் கண்டு தாமும் வருந்தியதாக, திரும்பியபின் 1552இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் சொல்லியிருக்கிறார். அவரிடம் ஆறுதலான பதில் இருக்கவில்லை. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்களும் மீட்படையலாம் என்று நம் திருச்சபை ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் சொன்னதை நான் என் அரைகுறை ஜப்பானிய மொழியில் எடுத்துச் சொன்னேன். தலையசைத்தாள், மனத்தில் இறங்கியதாகத் தெரியவில்லை. பிறகு, இறந்தோரை நினைக்கும் நவம்பர் 2 அன்று நம் ஊர் மணப்பாட்டில் நாம் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, இருட்டும்வரை மெழுகுதிரி ஏற்றி உட்கார்ந்திருப்பதைச் சொன்னேன். "உங்களுக்கும் ஓபோன் உண்டா!" என்று ஆச்சரியப்பட்டவள், பாட்டிக்குப் பிடித்த பூ எது, எத்தனை திரி, காற்றில் அணைந்தால் என்ன செய்வீர்கள் என்று மலைத்தீ அணையும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆகவே, இந்த நவம்பரில் நம் பாட்டியின் கல்லறையில் திரி ஏற்றும்போது, தங்கையிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்புங்கள். கடல் காற்றுக்குத் திரியைச் சுற்றித் தேங்காய்ச் சிரட்டை வைப்பீர்களே, அதுவும் படத்தில் தெரியட்டும். அதைப் பார்க்க வேண்டும் என்று அவள் தனியாகக் கேட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்