மகளிர் பெட்டித் தோழியருக்கு ஒரு திறந்த மடல்

காலையில் டோம்பிவ்லியிலிருந்து தாதர் பக்கம் போகும் மும்பைப் புறநகர் வேக ரயிலில், இரண்டாம் வகுப்பு மகளிர் பெட்டியில் ஏறும் தமிழ்ப் பெண்களுக்கு,

வணக்கம். உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. ஆனால் உங்கள் மாமியாருக்குச் சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது தெரியும். நாத்தனார் மகளுக்கு வந்த வரன் எந்தப் பேச்சில் தட்டிப்போனது என்பதும் தெரியும். எப்படித் தெரிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ரயில்வேக்கு எழுதாமல் எங்களுக்கு எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். ரயில்வேயிடம் கேட்க வேண்டியவை தனியாக இருக்கின்றன; அவற்றைக் கேட்கப் பயணிகள் சங்கங்களும் இருக்கின்றன. இந்த வாரம் என்னை வீட்டுக்கு வந்த பிறகும் புலம்ப வைத்தவை எதுவும் ரயில்வே செய்ததல்ல, நாம் ஒருவருக்கொருவர் செய்துகொண்டவை. எதைச் சுட்டிக்காட்டினாலும் "என்ன செய்வது, கூட்டம் அப்படி" என்று ஒரே பதில் வருகிறது. கூட்டத்தின் மேல் பழியைப் போடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். கூட்டத்தால் கால் மிதிபட்டால் நான் வாய் திறக்கமாட்டேன்.

இருக்கை விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். பெட்டிக்குள் கால் வைத்ததும் "குடே உதரணார்?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவது நம் பெட்டியின் பழைய வழக்கம். எங்கே இறங்குவீர்கள் என்று மராத்தியில் கேட்பதற்குள்ளேயே, நீங்கள் எழுந்ததும் அந்த இடம் எனக்கு என்ற ஒப்பந்தமும் அடங்கியிருக்கிறது. எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது, வாய்ச்சொல்தான். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்குப் போன முதல் ரயிலில் 14 பெட்டிகளும் சுமார் 400 விருந்தினர்களும் இருந்தார்களாம். அன்று யாரும் யாரிடமும் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டிருக்கமாட்டார்கள். நாம் கேட்டாக வேண்டும். கேட்டால், பதில் சொன்னவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும்.

2014 ஜூனில் காட்கோபரிலிருந்து வெர்சோவா வரை மெட்ரோ ஓடத் தொடங்கியதிலிருந்து அங்கே இறங்கி மாறுகிறவர்கள் ஏராளம். அதனால் "காட்கோபர்" என்று பதில் வந்தால் எங்களைப் போல் நிற்பவர்களுக்கு மனம் குளிர்ந்துவிடும். இந்த வாரம் ஒருவர் அப்படிச் சொன்னார். நானும் சொல்லி வைத்துவிட்டு எதிரிலேயே நின்றேன். காட்கோபர் வந்தது, எழுந்தார். எழும்போதே, எங்கோ தள்ளி நின்ற தன் தோழியின் கையைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டார். கேட்டதற்கு, "இவர் நேற்றே சொல்லிவிட்டார்" என்றார். நேற்றே! தொலைதூர ரயிலுக்குத்தான் முன்பதிவு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அதைக்கூட மறந்துவிடுவேன். மறக்க முடியாதது இன்னொன்று. கழுத்தில் மருத்துவமனை அடையாள அட்டை தொங்க, இரவுப் பணி முடித்த களைப்போடு நின்ற ஒரு மராத்திப் பெண், நம்மவர் ஒருவரிடம் தாணேயிலேயே இடம் கேட்டு வைத்திருந்தார். நம்மவரும் தலையை ஆட்டினார். இடையில், பக்கத்தில் நின்ற இன்னொரு பெண் கைப்பேசியில் தமிழில் பேசுவது காதில் விழுந்தது. "நீங்கள் தமிழா? எந்த ஊர்?" என்று விசாரணை நடந்தது. தூத்துக்குடி என்று பதில் வந்ததும் முடிந்தது கதை. இறங்கும்போது இடம் தூத்துக்குடிக்குப் போயிற்று. அந்த மராத்திப் பெண் ஒன்றும் பேசவில்லை. ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

ஊர்ப்பாசம் நல்லதுதான். அதை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டுக் காட்டுங்கள். அடுத்தவருக்கு வாக்குக் கொடுத்த இருக்கையை எடுத்துக் கொடுத்துக் காட்டாதீர்கள். 1966இல் சிவசேனை தொடங்கிய பிறகு சில ஆண்டுகள் இந்த நகரத்தில் தென்னிந்தியர்கள் எப்படிப்பட்ட பேச்சையெல்லாம் கேட்டார்கள் என்பதை மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருக்கும் நம் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "இவர்கள் தங்கள் ஆட்களைத்தான் பார்ப்பார்கள்" என்பது அன்று நம்மேல் சொல்லப்பட்ட ஒரு குற்றச்சாட்டு. அதற்கு இன்று ஒரு ரயில் பெட்டியில் நாமே ஆதாரம் தயாரித்துக் கொடுப்பானேன்?

மாலையில் மஸ்ஜிதிலும் பைகுல்லாவிலும் எதிர்த்திசை வண்டியில் ஏறி, வண்டிகள் புறப்படும் முனையமான சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) வரை போய், அதே வண்டியில் உட்கார்ந்தபடியே திரும்பி வருகிறவர்களைப் பலர் திட்டுகிறார்கள். நான் திட்டமாட்டேன். சிஎஸ்எம்டி வரைக்கும் பாஸ் எடுத்து, கூடுதலாகக் கொஞ்ச நேரமும் செலவழித்து அவர்கள் அந்த இடத்தைச் சம்பாதிக்கிறார்கள். கைப்பை, துப்பட்டா, டிபன் டப்பா ஆகியவற்றை நாலு இடத்தில் போட்டுவிட்டு, இன்னும் நடைமேடைக்கே வந்து சேராத தோழிகளுக்காகக் காவல் காப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. டிபன் டப்பாவுக்குக் கால் வலிக்காது.

மூவர் உட்காரும் பலகையில் நுனியில் நான்காவதாக ஒருவர் ஒட்டிக்கொள்வது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் இந்த நகரத்தில் அதைவிட உறுதியான விதி கிடையாது. "கொஞ்சம் நகருங்கள்" என்ற சொல் காதில் விழுந்த அதே நொடியில் ஆழ்ந்து தூங்கிவிடும் திறமை உங்களில் சிலருக்கு எங்கிருந்து வந்தது? அதுவரை வெங்காய விலை பேசிக்கொண்டிருந்தவர்கள்தானே?

இனி வாசல். டோம்பிவ்லியில் ஏறியவர்கள் வாசலில் அணி வகுத்து நின்றுகொண்டு, தாணேயில் ஏறப் பார்க்கிறவர்களைப் பார்த்து "உள்ளே இடம் இல்லை, அடுத்த வண்டியில் வாருங்கள்" என்று சொல்வதை இந்த வாரமும் கேட்டேன். உள்ளே எட்டிப் பார்த்தால் இருக்கைகளுக்கு நடுவில் இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 155ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உங்களுக்கென்று ஒதுக்கப்படாத பெட்டியில் இன்னொரு பயணி முறையாக ஏறுவதைத் தடுத்தால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. தொகை பெரிதல்ல. ஆனால் பெட்டி உங்கள் குழுவின் சொத்து அல்ல என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

காற்றுக்காக வாசலில் நிற்கிறேன் என்பவர்களிடம் வேறு மாதிரிப் பேச வேண்டியிருக்கிறது. 2025 ஜூன் 9 காலையில் மும்ப்ரா வளைவில், எதிரெதிராகக் கடந்த இரண்டு ரயில்களில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் உரசிக் கீழே விழுந்தார்கள். வேலைக்குப் புறப்பட்டவர்களில் சிலர் உயிரோடு திரும்பவில்லை. முதுகுப் பைகள் உரசியதாகவும் அப்போது பேச்சு எழுந்தது. நாம் தினமும் கடக்கும் வழி அது. அதற்குப் பிறகும் முதுகில் மடிக்கணினிப் பையோடு வாசலில் நிற்கிறவர்களைப் பார்க்கிறேன். உள்ளே வந்தாலும் பை முதுகிலேயே இருக்கிறது. அவர் திரும்பும் போதெல்லாம் பின்னால் நிற்பவருக்கு ஓர் இடி. பையைக் கழற்றி மேலே தட்டில் வைக்கலாம், அல்லது முன்பக்கம் மாட்டிக்கொள்ளலாம்.

ஈரத் தலையை விரித்துப்போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து உலர்த்துகிறவர்களே, பின்வரிசையில் இருப்பவரின் வாயில் உங்கள் கூந்தல் நுழைகிறது. சொட்டும் குடையை மேல்தட்டில் செருகுகிறவர்களே, அதன் கீழே ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறார். இவற்றுக்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

விளக்க வேண்டியது சத்தம். கைப்பேசியில் துண்டுக் காணொளிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். எனக்கு வருவது ஒரு சிரிப்பு, பாதி பாட்டு, யாரோ ஒருவரின் சாம்பார் செய்முறையில் பெருங்காயம் வரை, பிறகு மறுபடியும் அதே சிரிப்பு. முழுதாக ஒன்றைக் கேட்க விட்டாலாவது சாம்பாரைக் கற்றுக்கொண்டிருப்பேன். ஒருவர் தினமும் ஒரு தொடரை ஒலிபெருக்கியில் வைத்துப் பார்க்கிறார். மருமகள் அழுகிறாள், அவளைவிடச் சத்தமாக மாமியார் அழுகிறாள், இருவரையும் மிஞ்சிப் பின்னணி இசை அழுகிறது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் கதை மண்டைக்குள் ஏறிவிட்டது. வியாழக்கிழமை அவர் வரவில்லை. கோயிலில் வைத்துத் தாலி கட்டினார்களா இல்லையா என்று தெரியாமல் தாதரில் இறங்க வேண்டியதாயிற்று. இப்படியொரு கவலையை எனக்கு உண்டாக்க அவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

வீட்டிலிருக்கும் பிள்ளையைக் காணொளி அழைப்பில் மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. விடியுமுன் சமைத்து வைத்துவிட்டு ஓடி வருகிறவர்களுக்குப் பிள்ளை பல் துலக்கினானா என்று கேட்க வேறு நேரம் இல்லை. ஒலியை மட்டும் காதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அவன் பல் துலக்காத செய்தி முலுண்டு தாண்டுவதற்குள் பெட்டி முழுவதும் பரவிவிட்டது.

இப்போது சர்க்கரை அளவுக்கு வருகிறேன். தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று எந்த நம்பிக்கையில் இருக்கிறீர்கள்? மாட்டுங்கா, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்டு, தாராவி என்று நாம் இல்லாத இடம் எது? நாம் மட்டுமா? தாராவியில் வளர்ந்த பிற மொழிக்காரப் பெண்கள் பேசும் திருநெல்வேலித் தமிழில் உங்கள் தமிழைவிட உப்பும் காரமும் அதிகம். செவ்வாய்க்கிழமை உங்களில் இருவர், நான்காவதாக உட்கார வந்த ஒரு பருமனான பெண்ணைப் பற்றி, அவர் முகத்துக்கு நேரே, புன்னகை மாறாமல், தமிழில் விமர்சனம் செய்தீர்கள். அவர் குர்லா வரும்வரை கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது நல்ல தமிழில், "நான் போகிறேன் அக்கா, இனி இரண்டு பேரும் வசதியாக உட்காருங்கள்" என்றார். பெட்டியே சிரித்தது, நானும் சிரித்தேன். உங்கள் இருவர் முகத்தையும் அன்று பார்த்திருக்க வேண்டும். மறுநாளாவது பேச்சு குறையும் என்று எதிர்பார்த்தேன். குறைந்தது குரல்தான், இப்போது என்ன பேசுகிறீர்கள் என்று அறிய எல்லோரும் இன்னும் நெருங்கி நிற்கிறார்கள்.

நாத்தனார் மகளின் வரன் சங்கதி அவ்வளவு எளிதில் சிரித்துவிடக் கூடியதல்ல. பையனின் சம்பளம், வேலை பார்க்கும் இடம், தகப்பனாருக்கு இருக்கும் கடன் எல்லாவற்றையும் பெயரோடு சொன்னீர்கள். நம் ஆட்களுக்குள் சுற்றிச் சுற்றி எல்லோரும் ஏதோ ஒரு வழியில் தெரிந்தவர்கள்தான். சனிக்கிழமை வாழையிலைக்கும் பூவுக்கும் மாட்டுங்கா சந்தைக்குப் போனால் அந்தப் பையனின் அத்தையே பக்கத்தில் நின்று கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருக்கலாம். அந்தப் பெண்ணுக்காகவாவது வாயைக் கட்டுங்கள்.

பெட்டியில் ஏறும் வியாபாரிகளும் தொல்லைதானே, அவர்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். அனுமதி இல்லாமல் ரயிலில் விற்பதைச் சட்டம் தடை செய்கிறது என்பது உண்மைதான். எனக்கென்னவோ அந்தப் பெண்களைத் தொல்லையாக நினைக்க வரவில்லை. கூடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, ஒருவர் காலையும் மிதிக்காமல் இந்த நெரிசலில் நடக்கத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டுமே. நம்மில் சிலர் அவர்களைப் படுத்தும் பாடுதான் தொல்லை. காதணி அட்டை முழுவதையும் வாங்கி மடியில் பரப்பி, ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கைப்பேசியில் முகம் பார்த்து, பத்து ரூபாய்க் கிளிப்புக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி, கடைசியில் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று திருப்பிக் கொடுக்கிறீர்கள். அதற்குள் அவர் இறங்க வேண்டிய நிலையம் போய்விடுகிறது. எடுத்தால் வாங்குங்கள், வாங்காவிட்டால் எடுக்காதீர்கள்.

அவர்களில் ஒருவர் இப்போது கிளிப்புகளோடு ஈயர்போனும் கொண்டுவருகிறார். தொடர் பார்ப்பவர், காணொளி தள்ளுபவர், பிள்ளையை மிரட்டுபவர் மூவரும் திங்கட்கிழமை ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு மட்டும் பேரம் பேச வேண்டாம். அவர் குறைக்க மறுக்கும் மீதிப் பணத்தை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
தாதரில் இறங்கும் ஒருத்தி