கேட்காமலே போய்விடும் மெயில்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
மேலாளர்,
வரி மற்றும் சம்பளக் கணக்கு அலுவலகம்,
திருப்பூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் புகார்ப் பிரிவு,
எங்கள் அலுவலகத்துக்கு மெயில் சேவை தரும் நிறுவனம்.

பொருள்: மெயில் அனுப்பும் முன் உறுதி கேட்கும் வசதியை நீக்கியது குறித்து.

ஐயா / அம்மா,

உங்கள் மெயில் செயலியின் புதிய பதிப்பு வந்ததிலிருந்து கன்ட்ரோல், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மெயில் அந்த நொடியே போய்விடுகிறது. பழைய பதிப்பில் 'அனுப்பலாமா?' என்று ஒரு பெட்டி வரும். வேண்டியவர்கள் வைத்துக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் அணைத்துவிடலாம். இப்போது செட்டிங்ஸில் எங்கே தேடினாலும் அது இல்லை. எடுத்துவிட்டோம் என்று ஒரு வரி அறிவிப்புகூட வரவில்லை.

நாங்கள் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கும் பி.எஃப்., ஜி.எஸ்.டி. வேலைகளும் பார்க்கிறோம். எங்கள் அலுவலகப் பிள்ளைகள் நாள் முழுக்க டேலி என்ற கணக்கு மென்பொருளில் உட்கார்ந்திருப்பவர்கள். டேலியில் வவுச்சர், அதாவது வரவு செலவுப் பதிவு, போடும்போது இதே கன்ட்ரோல் என்டரை அழுத்தினால் லெட்ஜர் கணக்கைத் திருத்தும் திரை திறக்கும். அங்கே பழகிய விரல் இங்கேயும் அதே இடத்துக்குத்தான் போகும். அந்த டேலியிலும் வவுச்சர் முடியும் இடத்தில் 'ஏற்கலாமா, ஆமா, இல்லையா' என்று கேட்கும். இத்தனைக்கும் வவுச்சரை மறுபடி திறந்து திருத்திக்கொள்ளலாம். வெளியே போன மெயிலை யார் திருத்துவது?

போன சம்பளத் தேதியில் நடந்தது இதுதான். எங்கள் அலுவலகப் பெண் ஒரு கம்பெனியின் சம்பளப் பட்டியலை இணைத்துவிட்டு, பெறுநர் இடத்தில் முதல் சில எழுத்துகளைத் தட்டினார். மீதியை உங்கள் செயலியே நிரப்பிக்கொண்டது. எங்கள் ஊரில் முருகன் பேரில் கம்பெனி இல்லாத தெருவே கிடையாது. செயலி எடுத்துப் போட்டது வேறொரு முருகனை. எங்கள் பெண் விஷயத்தை எழுதி முடிப்பதற்குள் விரல் அந்த இரண்டு விசைகளில் பட, மெயில் போய்விட்டது. தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு எண், பி.எஃப். எண், காண்ட்ராக்டருடன் பேசிய பீஸ் ரேட் (ஒரு உருப்படிக்கான கூலி) எல்லாம் அதே தொழில் செய்யும் இன்னொரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தன. பவர் டேபிளில் (மின் தையல் மெஷினில்) தைக்கும் டெய்லருக்கு என்ன ரேட் என்று போட்டிக் கம்பெனிக்குத் தெரிந்தால் இங்கே என்ன ஆகும் தெரியுமா? பீஸுக்குச் சில பைசா கூட்டிக் கொடுத்து ஆளை இழுத்துக்கொள்வார்கள். எங்கள் வாடிக்கையாளர் கத்தவில்லை. தன் ஃபைல்களை எல்லாம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்.

உடனே உங்கள் 'திரும்பப் பெறு' பொத்தானை அழுத்தினோம். அது ஒரே நிறுவனத்துக்குள் இருக்கும் மெயில் பெட்டிகளுக்கு மட்டும்தான் வேலை செய்யுமாம். இதுவும் அழுத்திய பிறகுதான் தெரிந்தது. அப்புறம் உங்கள் உதவி மையத்துக்கு எழுதினோம். 'அனுப்பும் முன் முகவரியைச் சரிபார்ப்பது பயனரின் பொறுப்பு' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. முகவரியை நிரப்பியது உங்கள் செயலி. கேள்வியை எடுத்துவிட்டதும் உங்கள் செயலி. பொறுப்பு மட்டும் எங்களுக்கா?

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2014 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜி20 மாநாடு நடப்பதற்குச் சில நாள் முன்பு, அந்நாட்டுக் குடிவரவுத் துறையிலிருந்து ஒரு மெயில் ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் ஏற்பாட்டாளர்களுக்குப் போய்விட்டது. அதில் ஒபாமா, புதின், மோடி உள்பட 31 தலைவர்களின் பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் இருந்தன. அங்கேயும் காரணம் முகவரியைத் தானாக நிரப்பும் வசதிதான்.

மற்றவர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்டு மெயில் செயலியில் கன்ட்ரோல் என்டர் அழுத்தினால் முதலில் கேட்கும். ஜிமெயிலின் ஆண்ட்ராய்டு செயலியில் அனுப்பும் முன் உறுதி கேட்கச் சொல்லி வைத்துக்கொள்ளலாம். 'அனுப்பியதை ரத்து செய்' என்பதையும் ஜிமெயில் 2015லேயே எல்லோருக்கும் கொடுத்துவிட்டது. 30 வினாடி வரை வைத்துக்கொள்ளலாம். அது உண்மையில் மெயிலைத் திரும்ப இழுப்பதில்லை, அந்த நேரம் வரை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதுவே பெரிய உதவி. நாங்கள் ஆண்டுச் சந்தா கட்டும் உங்களிடம் இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லை.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பெட்டியை அப்படியே கொண்டுவந்து வைத்தால் போதாது. ஒவ்வொரு மெயிலுக்கும் 'நிச்சயமா?' என்று கேட்டால், ஒரு வாரத்தில் யாரும் படிக்காமலே 'ஆம்' அழுத்தத் தொடங்கிவிடுவார்கள். அலுவலகத்துக்குள் போகும் மெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். வெளி முகவரிக்கு இணைப்போடு போகிறதா, அப்போது கேளுங்கள். கேட்கும்போது பெறுநரின் பெயரை மட்டும் காட்டாமல் முழு முகவரியையும், இணைத்த கோப்பின் பெயரையும் பெரிதாகக் காட்டுங்கள். இன்னொன்று முக்கியம்: அந்தப் பெட்டியில் என்டர் அழுத்தினால் மெயில் போகக் கூடாது, எழுதும் இடத்துக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் அதே விரல் அதே வேகத்தில் இன்னொரு என்டரையும் தட்டிவிடும். கன்ட்ரோல் என்டரை முழுவதுமாக அணைத்து வைக்கவும் ஒரு வழி வேண்டும். எங்கள் எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே இடத்திலிருந்து நானே செய்துகொள்ளும்படி இருந்தால் நல்லது.

எங்கள் சந்தா அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் இந்த வசதி எந்தத் தேதியில் வரும் என்று எழுத்தில் தெரிவியுங்கள். உடனே முடியாதென்றால், அதுவரை பழைய பதிப்புக்கே எங்களை மாற்றிக் கொடுங்கள். இரண்டும் இல்லையென்றால் புதுப்பிக்கப் போவதில்லை. எங்கள் மெயில்கள் அனைத்தையும் வேறு சேவைக்கு எடுத்துப்போக உங்கள் தரப்பில் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தப் பதிலிலேயே எழுதிவிடுங்கள். பதிலில் அந்த ஒற்றை வரி மறுபடி வர வேண்டாம்.

இப்படிக்கு,
மேலாளர்